லாரி கேபினில் டிவி: விழுந்த ஒன்றும் நிற்கும் ஒன்றும்

முதல் டிவி எங்கள் கேபினில் சரியாகப் பதினோரு நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் விடியற்காலை, ஆதிலாபாத் தாண்டி நாக்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பெரிய பள்ளம்கூட இல்லை. அந்த நடையில் அதைவிடப் பெரியதாக நாற்பது பள்ளமாவது பார்த்திருப்போம். பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம், அதன் மேலேயே கிளீனர் தம்பியின் "ஐயோ அம்மா".

ஓரங்கட்டிப் பார்த்தால், டிவி பெர்த்தில் குப்புறக் கிடக்கிறது. அதை மாட்டியிருந்த இரும்புக் கை அதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் நான்கு ஓட்டைகள் மட்டும். தம்பிக்குக் காலில் நல்ல அடி, எலும்புக்கு ஒன்றுமில்லை. அன்று தலையை அந்தப் பக்கம் வைத்துப் படுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அந்த நான்கு ஓட்டைகளை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வட்டமாகப் போட்ட ஓட்டைகள். இப்போது நான்கும் முட்டை வடிவத்தில் இருந்தன. நாமக்கல்காரனுக்கு முட்டை வடிவம் தெரியாதா என்ன. மேல் இரண்டும் கிழிந்திருந்தன, கீழ் இரண்டும் வெறுமனே அகன்றிருந்தன. ஆக, ஒரே பள்ளத்தில் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. பதினோரு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, கடைசிப் பள்ளத்தில் விட்டிருக்கிறது.

என் வண்டி 2019 மாடல் பன்னிரண்டு சக்கரம், கம்பெனியிலேயே கட்டி வந்த ஸ்லீப்பர் கேபின். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அப்பா காலத்தில் சேஸை மட்டும் வாங்கி வந்து நம்மூர் பட்டறையில் கேபின் கட்டுவோம். உள்ளே மரச்சட்டம், மேலே தகரம். எங்கே ஸ்குரூ போட்டாலும் மரம் பிடித்துக்கொள்ளும். சாமி படம், டேப் ரெக்கார்டர், ஃபேன் எல்லாம் அப்படி மாட்டியதுதான். அந்தப் பழக்கத்திலேயே புது கேபினிலும் ஸ்குரூ போட்டுவிட்டேன். இதில் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத தகரம். அதற்குப் பின்னால் காற்று.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். டிவி மூன்றேகால் கிலோ. கையை முழுதாக இழுத்து விட்டால் சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளி நிற்கும். சுவரில் பதிந்த தகட்டில் மேல் ஸ்குரூவுக்கும் கீழ் ஸ்குரூவுக்கும் இடைவெளி 10 செ.மீ. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது மூன்று மடங்கு எடை என்று வைத்தால் நுனியில் 10 கிலோ. கடப்பாரை நெம்புகிற கணக்குத்தான்: மேல் ஸ்குரூக்களில் 40 கிலோ இழுவை. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை என்று எண்ணவே வேண்டாம். வீட்டுச் சுவருக்குச் செய்த கையை ஓடுகிற தகரத்தில் மாட்டினால் வேறென்ன நடக்கும்.

லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்பும்வரை டிவி வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த நடையில் இறக்குமிடத்தில் இரண்டரை நாள் காக்க வைத்தார்கள். போனைக் கையில் பிடித்து ஒருக்களித்துப் படுத்துப் படம் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. சரி, இந்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்று முடிவு.

பழைய டிவியின் அட்டைப் பெட்டி பெர்த்துக்கு அடியில் கிடந்தது. அதை வெட்டி இரண்டு அட்டை டிவி செய்தேன். 32 இஞ்ச் டிவியின் திரை அகலம் 71 செ.மீ., உயரம் 40. 24 இஞ்சுக்கு 53, 30. சுற்றுச் சட்டத்துக்கு இரண்டு மூன்று செ.மீ. சேர்த்து வெட்டி, முதலில் பெரியதைக் கால்மாட்டுச் சுவரில் ஒட்டினேன். இரண்டு ராத்திரி. எழுந்து உட்காரும்போதெல்லாம் தம்பியின் தலை இடித்தது, போர்வையை உதறினால் மூலை மடங்கியது. மூன்றாம் நாள் சின்னதை ஒட்டினேன், யாருக்கும் இடிக்கவில்லை. தலையணையிலிருந்து அங்கே ஐந்தரை அடிதான். அந்தத் தூரத்துக்கு 24 தாராளம். கடைக்குப் போய்ப் பெரிய டிவியைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். அட்டையை ஒட்டிப் படுத்துப் பார்த்தவனுக்கு வராது.

எந்தச் சுவரில் என்பதற்கும் இந்த அட்டைதான் உதவியது. பெர்த் கேபினுக்குக் குறுக்கே இருக்கிறது. டிரைவர் பக்கம் தலை, கிளீனர் பக்கம் கால். பலர் பின்சுவரில் மாட்டுகிறார்கள், அங்கே இடம் அதிகம். ஆனால் பின்சுவரில் மாட்டிய டிவி முன்பக்கம் பார்த்து நிற்கும். சடன் பிரேக் அடித்தால் சுவரைவிட்டு நேராக முன்னே பிய்த்துக்கொண்டு வரும், வருகிற வழியில் நம் பின்மண்டை இருக்கிறது. கால்மாட்டுச் சுவரில் இருந்தால் பிரேக் இழுவை பக்கவாட்டில்தான் போகும். போல்ட் அறுந்தால்தான் உண்டு, பிடுங்கிக்கொண்டு வராது. கண்ணாடிக்கு மேலே இருக்கும் தட்டில் டிவி வைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அதைப்பற்றிப் பேசக்கூட விருப்பமில்லை. ஓட்டும்போது டிரைவர் வீடியோ பார்க்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு ஓட்டுதல் ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. ராத்திரியில் பின்னால் எரியும் டிவியின் வெளிச்சம் முன்கண்ணாடியில் ஆடுவதே போதும், எதிரில் வருகிறவனின் லைட்டும் அதுவும் குழம்ப.

டிவி வாங்கப் போனேன். கடைக்காரர் ஸ்மார்ட், ஃபுல் எச்டி, வாய்ஸ் ரிமோட் என்று அடுக்கினார். நான் ஒவ்வொன்றையும் திருப்பி முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்கு டிவி வாங்குகிறவன் பார்க்க வேண்டியது முதுகைத்தான். அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 230 வோல்ட் ஏசி என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளேயே பவர் போர்டு இருக்கிறது, இன்வெர்ட்டர் இல்லாமல் ஓடாது. 12 வோல்ட் டிசி என்று போட்டுத் தனி அடாப்டர் கொடுத்தால் நமக்கு ஆகும். இரண்டாவது, முதுகில் மாட்டும் நான்கு துளைகள் 10-க்கு 10 செ.மீ. சதுரமாக, திரையின் நடுவில் இருக்க வேண்டும். சிலதில் துளைகள் அடியோரமாக இருக்கின்றன, அதில் தலைப்பாரம் அதிகம். மூன்றாவது, கடையிலேயே தரையில் குத்தவைத்துக் கீழிருந்து பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். நாம் பார்க்கப்போவது படுத்துக்கொண்டு, கீழிருந்து. மலிவான பேனல்களில் அந்தக் கோணத்தில் முகமெல்லாம் நெகட்டிவ் மாதிரி கறுத்துப்போகும். ஐபிஎஸ் பேனல் போட்ட ஒன்று மட்டும் அப்படியே நின்றது. 6,800 ரூபாய். ஸ்மார்ட் கிடையாது. ஸ்மார்ட் வேண்டுமென்றும் எனக்கில்லை. ஒவ்வொரு முறை கரண்டை அணைத்துப் போடும்போதும் அது எழுந்து உட்கார ஒரு நிமிடம் ஆகிறது, நெட் இல்லாத இடத்தில் அதன் மூளைக்கு வேலையும் இல்லை.

டிஷ் வைக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கே 93.5 டிகிரியில் நிற்கிறது. நாமக்கல்லில் அதைப் பார்க்கத் திருப்பும் திசைக்கும் நாக்பூரில் திருப்பும் திசைக்கும் 20 டிகிரி வித்தியாசம். வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது அதற்கு மேல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேபின் மேல் ஏறி "வருதா, வருதா" என்று கத்த ஆளில்லை. பென் டிரைவ் போதும். ஃபேட்32-இல் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேலான ஒரே ஃபைல் ஏறாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். நான் மறந்து, பாதிப் படத்தோடு ஒருமுறை கிளம்பினேன்.

இனி கரண்ட். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 28 வரை போகும். இந்த டிவிக்கு அதை நேராகக் கொடுத்தால் புகைதான். எங்கள் பக்கத்து எலக்ட்ரீஷியன் ஒருவர் சுலப வழி சொன்னார்: "ஏனுங்ணா, எதுக்கு செலவு? ரெண்டு பேட்டரிக்கு நடுவுல ஒரு ஒயர் இழுத்தா பன்னெண்டு வோல்ட் வந்துருதுல்ல?" வரும். பழைய வண்டியில் டேப் ரெக்கார்டருக்கு அப்படித்தான் இழுத்திருந்தோம். ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தால் அது எப்போதும் கொஞ்சம் காலியாகவே இருக்கும். ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது, இரண்டுக்கும் சேர்த்து 28 கொடுக்கும். காலியானது நிறையாது, நிறைந்தது கொதிக்கும். அந்த வண்டியில் ஏன் எப்போதும் ஒரே பக்கத்து பேட்டரி தண்ணீர் குடிக்கிறது என்று அப்பா திட்டிக்கொண்டே இருப்பார். காரணம் இப்போதுதான் புரிகிறது.

அதனால் 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று, 10 ஆம்பியர், அலுமினியப் பெட்டியில் ரெசின் ஊற்றி மூடியது. டிவி 30 வாட் எடுக்கும், கன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 24 வோல்ட் பக்கம் ஒன்றரை ஆம்பியர். மூன்று மணி நேரப் படம் பார்த்தாலும் ஐந்து ஆம்பியர்-மணி தாண்டாது. என் பேட்டரிக்கு அது கொசுக்கடி. லைனை கேபின் ஃபியூஸ் பெட்டியில் நேர் பேட்டரி வரும் முனையிலிருந்து எடுத்து, எடுத்த இடத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ். கீழே பேட்டரிப் பெட்டியிலிருந்து தனியாக இழுப்பதை நான் விரும்பவில்லை. கேபினைச் சாய்க்கும்போது ஒயர் எங்கே மாட்டி உரசும் என்று சொல்ல முடியாது.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பாகம் ஒரு ரிலே, அதாவது கரண்ட் கொடுத்தால் தானே மாறும் சுவிட்ச். 24 வோல்ட், எண் போட்ட ஐந்து கால். சாதாரணமாக நாம் ரிலேயை 30-க்கும் 87-க்கும் இடையில் வைப்போம், சாவி போட்டால் வேலை செய்ய. நான் 30-க்கும் 87ஏ-வுக்கும் இடையில் டிவி லைனை விட்டேன். 86-க்கு இக்னிஷன், 85-க்கு எர்த். சாவி போட்டால் டிவி செத்துவிடும், சாவியை எடுத்தால் உயிர் வரும். ஓட்டும்போது டிவி ஓடாது, அது ஒரு லாபம். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் விழுந்து எழுவதும், ஆல்டர்னேட்டர் பக்கமிருந்து வரும் ஸ்பைக்கும் (வோல்ட்டேஜ் திடீரென்று எகிறுவது) கன்வெர்ட்டரைத் தொடாது, அது இன்னொரு லாபம். ஒன்று கவனிக்க வேண்டும்: 86-க்கு எடுக்கும் இக்னிஷன் ஒயர் செல்ஃப் அடிக்கும்போதும் உயிரோடு இருக்க வேண்டும். ரேடியோ லைன் அந்த நேரத்தில் சில வண்டிகளில் அணைந்துவிடும். அதில் எடுத்தால் வேண்டாத நேரத்தில் டிவிக்குக் கரண்ட் போய்விடும். டெஸ்ட் லேம்ப் வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்த்தேன். 2025 அக்டோபர் முதல் தயாரான புது லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். நின்ற இடத்தில் ஏசிக்காக இன்ஜினை ஓட விடுகிறவர்களுக்கு என் முறை ஒத்துவராது. அவர்கள் சாவிக்குப் பதில் ஹேண்ட் பிரேக் விளக்கின் சிக்னலைப் பிடித்து, டிவி லைனை 87ஏ-வுக்குப் பதில் 87-இல் விடலாம், ஆனால் ஸ்பைக் விஷயத்தில் நல்ல கன்வெர்ட்டரை நம்ப வேண்டியிருக்கும்.

தம்பிக்கு ரிலே பிடிக்கவில்லை. "அண்ணே, நீங்க ஓட்டுறப்ப நான் பாத்தா என்னங்ணா?" என்றான். நீ பார்த்துச் சிரிப்பாய், நான் திரும்பிப் பார்ப்பேன், அதுதான் என்ன என்றேன்.

மாட்டும் வேலைக்கு நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஒரு மதியம் கிடைத்தது. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு முதலில் சுவரை விரல் முட்டியால் தட்டினோம். 'டொங்' என்றால் வெறும் தகரம், 'டக்' என்றால் உள்ளே ரிப், தகரத்தைத் தாங்கும் சட்டம். கால்மாட்டில் இரண்டு ரிப் செங்குத்தாக ஓடுகின்றன, நடுவே 46 செ.மீ. மேஸ்திரி வெல்டிங் வைத்துவிடலாம் என்றார். நான் விடவில்லை. எலக்ட்ரானிக் இன்ஜின் வண்டியில் கேபினில் வெல்டிங் வைப்பதென்றால் பேட்டரி ஒயரைக் கழற்றி, என்னென்னவோ பிளக்கைப் பிடுங்கி வைக்க வேண்டும். போதாததற்குத் தகரத்துக்குப் பின்னால் பஞ்சு இருக்கிறது, ஒரு பொறி போதும்.

ரிப் என்பது மூடிய பெட்டி. பின்னால் கைவிட்டு நட் பிடிக்க முடியாது. அதற்குத்தான் ரிவெட் நட். 9 மி.மீ. ஓட்டை போட்டு, அந்த நட்டை உள்ளே விட்டு, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் இழுத்தால் அது ரிப்பின் உள்பக்கம் குண்டாக உப்பிப் பிடித்துக்கொள்ளும். ரிப்புக்கு இரண்டாக நான்கு, எல்லாம் 6 மி.மீ. போல்ட். முதல் ஓட்டையில் மேஸ்திரி கொஞ்சம் அவசரப்பட்டு டிரில்லை ஆட்டிவிட்டார். ஓட்டை பெரிதாகி நட் உள்ளேயே சுற்றியது. அதை விட்டுவிட்டு இரண்டு செ.மீ. மேலே புதிதாகப் போட்டோம். மூடி போட்டால் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும்.

அந்த நான்கு போல்ட்டில் 25 மி.மீ. இரும்புப் பட்டை இரண்டு குறுக்கே, அவற்றின் மேல் 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் பலகை. மேல் பட்டைக்கும் பலகைக்கும் நடுவில் 6 செ.மீ. மரக்கட்டை வைத்ததில் பலகை தலை கவிழ்ந்த மாதிரி சாய்ந்தது. படுத்திருப்பவன் கண்ணுக்கு நேராக வந்தது. இந்தச் சாய்வை மாற்ற முடியாது. மாற்ற முடிகிற எதுவும் லாரியில் தானாக மாறிக்கொள்ளும்.

டிவியைப் பலகையில் நேராக அழுத்திவிடக் கூடாது என்று நடுவில் ரப்பர் வைக்க நினைத்தேன். முதலில் மெத்தென்ற ரப்பர் புஷ் நான்கு. இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டால் டிவி சாமி வந்த மாதிரி ஆடியது. மெத்தென்று இருந்தால் அதிர்வைக் குடித்துவிடும் என்பது என் நினைப்பு. ஐடிலில் கேபின் நடுங்குகிற வேகமும் அந்த ரப்பர் ஆடுகிற வேகமும் ஒன்றாகிவிட்டால் குடிக்காது, கூட்டிக் கொடுக்கும். கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய டயர் டியூபை வட்டமாக வெட்டி இரண்டு அடுக்கு வைத்தோம். ஆட்டம் நின்றது.

டிவியின் முதுகுத் துளைக்கு 4 மி.மீ. ஸ்குரூ. நீளம் முக்கியம். வெறும் விரலால் ஒரு ஸ்குரூவைத் திருகி, நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு அளந்தால் ஆழம் 9 மி.மீ. பலகை, டியூப், வாஷர் எல்லாம் போக உள்ளே 8 மி.மீ. போகும்படி ஸ்குரூ எடுத்தோம். அதைவிட நீளமாக எடுத்து ஸ்பானரால் இறுக்கினால் பேனலையே குத்திவிடும்.

எல்லாம் மாட்டியபின் டிவி வைக்கும் முன்பாகப் பலகையில் ஒரு கயிற்றைக் கட்டி மேஸ்திரியின் பையன் தொங்கினான். ஐம்பது கிலோவாவது இருப்பான். பலகை அசையவில்லை. டிவி மூன்று கிலோதான், ஆனால் வண்டி எங்காவது முட்டினால் அந்த மூன்று கிலோ அறுபதாக மாற ஒரு நொடிகூட ஆகாது. தார்ப்பாய் பெல்ட்டால் டிவியைச் சுற்றிக் கட்டலாம் என்றும் யோசித்தேன். திரையின் முகத்தில் பெல்ட் அழுத்தினால் நாலே நாளில் கறுப்புத் திட்டு விழும். அதற்குப் பதில் பிளைவுட்டில் ஒரு மூடி, ஓரங்களில் மட்டும் ஃபோம், கீழே கீல், மேலே இரண்டு தாழ்ப்பாள். ஓடும்போது மூடி சாத்தியிருக்கும். தூசியும் போகாது, தூக்கத்தில் தம்பி உதைத்தாலும் பலகைதான் வாங்கும், டிவி இருப்பது வெளியே நிற்பவனுக்குத் தெரியவும் தெரியாது.

கன்வெர்ட்டர் 900, இரும்பு, பலகை, கீல் 1,150, ரிலே, ஃபியூஸ், ஒயர் 480, கூலி 600. டிவியோடு சேர்த்து 9,930 ஆனது.

போல்ட் எல்லாவற்றுக்கும் ஸ்பிரிங் வாஷரும் நீல லாக்டைட்டும் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) போட்டு இறுக்கி, மகளின் நெயில் பாலிஷால் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பட்டைக்கு ஒரு கோடு இழுத்தேன். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். முதல் நடை முடிந்து 2,000 கிலோமீட்டருக்குப் பிறகு திறந்து பார்த்தேன். மூன்று கோடு நேராக இருந்தது, ஒன்று மயிரிழை விலகியிருந்தது. புதிதாகப் போட்ட ஓட்டையில் இருப்பது, எதிர்பார்த்ததுதான். மறுபடி இறுக்கி, மறுபடி ரோஸ் கலர் கோடு. அதற்கப்புறம் எட்டு மாதமாக அசையவில்லை.

மே மாதம் நாக்பூரில் வெயிலில் நின்றபோது மட்டும் ஒரு பயம். மதியம் மூடியைத் திறந்து போட்டால் திரையின் ஒரு மூலை கறுத்துக் கிடந்தது. போச்சு என்று நினைத்தேன். கேபின் கதவைத் திறந்து வைத்து, ஃபேனைப் போட்டு, சாயங்காலம் பார்த்தால் சரியாகிவிட்டது. பேனலுக்குள் இருக்கும் திரவப் படிகம் சூடு தாங்காமல் அப்படிக் கறுக்கும், ஆறினால் திரும்பும். தினமும் அப்படி வேக வைத்தால் திரும்பாமலும் போகும். இப்போது நிறுத்தத்தில் வெயில் அந்தப் பக்கம் விழுந்தால், அந்த 32 இஞ்ச் அட்டை டிவியைத்தான் ஜன்னலில் செருகி வைக்கிறோம்.